ஒரே சிட்டத்தில் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: வேளச்சேரியில் வசிக்கிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்து நூல் கடையில் ஆறு சனிக்கிழமைகள் நிட்டிங்கும், அதன் பிறகு ஒரு ஞாயிறு முழுக்க இயற்கைச் சாயமும் கற்றுத் தருவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஊசி பிடித்துப் பழக்கமில்லை. சென்னை வெயிலில் கம்பளி பின்னி என்ன செய்வது, வீடியோ பார்த்தே கற்க முடியாதா, சாயம் போட வீட்டில் என்னென்ன வேண்டும், கட்டும் பணத்துக்குப் பயன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் சேருங்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு நூல் கடையின் மாடியில் நானும் இப்படித்தான் போய் உட்கார்ந்தேன். இப்போது அதே மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமைகள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. பின்னலைத் தனியாகவும் சாயத்தைத் தனியாகவும் கற்பவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒரே நூலைத் தாமே வேகவைத்து, சாயமேற்றி, காயவைத்து, அதையே ஊசியில் ஏற்றியவர்கள் நிற்பதில்லை. நூல் என்பது என்ன என்று அவர்கள் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “சாய வகுப்பில் நான் தோய்க்கும் நூலையே பின்னல் வகுப்புக்கும் கொண்டு வரலாமா?” தலையாட்டினால் அது நல்ல கடை. சாய வகுப்பை ஆறாவது சனிக்கிழமைக்குப் பிறகு வைக்காமல் மூன்றாவது வாரமே வைத்தால் இன்னும் நல்லது. நான்கு பேர் சேர்ந்து கேட்டால் மாற்றி வைப்பார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னையில் ‘நிட்டிங் வகுப்பு’ என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் குரோஷா வகுப்பு. ஒற்றைக் கொக்கி ஊசி இருந்தால் குரோஷா. இரண்டு நீள ஊசிகள் இருந்தால் நிட்டிங். குரோஷாவுக்கு இந்த ஊரில் நல்ல மரபு இருக்கிறது. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் சென்னையில் 11,148 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டு கலைகளுமே அருமையானவை. ஆனால் ஒன்றை நினைத்துப் போய் மற்றொன்றைக் கற்றுக்கொண்டு வரக் கூடாது.

வீடியோ பற்றிக் கேட்டீர்கள். கை அசைவை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். தவறை வீடியோ பார்க்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் 20 கண்ணிகள், அதாவது ஊசியில் 20 நூல் வளையங்கள், போட்டுப் பின்ன ஆரம்பித்தேன். இரண்டு அங்குலம் வளர்ந்தபோது எண்ணினால் 26 இருந்தது. கைக்குட்டை போல நேராக வர வேண்டியது விசிறி போல விரிந்துகொண்டே போனது. வீட்டில் மூன்று முறை பிரித்துப் பிரித்துப் போட்டும் அதே கதை. அடுத்த சனிக்கிழமை கடைக்கார அம்மா அதைக் கையில் வாங்கி, ஓரத்தைக் கட்டை விரலால் தடவிவிட்டு, “வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போடுகிறாய். இங்கே பாரம்மா, முதல் கண்ணிக்கு இரண்டு கால் தெரிகிறது. அதை இரண்டு கண்ணி என்று நினைத்து இரண்டையும் பின்னியிருக்கிறாய்” என்றார். பத்து நொடிகூட ஆகவில்லை. நூல் கீழாகவே தொங்கட்டும் என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். அதன் பிறகு ஓரம் கோணவில்லை. கடையில் நீங்கள் கொடுக்கும் பணம் இந்தப் பத்து நொடிகளுக்குத்தான்.

வகுப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு பாடம் படித்துவிடலாம். ஒரு பழைய பனியனை எடுத்து வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போலச் சின்னச் சின்ன வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடும். உள்பக்கத்தைத் திருப்பினால் குறுக்குவாட்டில் சின்ன மேடுகள் தெரியும். வெளிப்பக்கம் தெரிவது ‘நிட்’, உள்பக்கம் தெரிவது ‘பர்ல்’. அவ்வளவுதான், நிட்டிங்கில் இந்த இரண்டைத் தவிர வேறு அடிப்படை கிடையாது. நூலை முந்தைய வரிசையின் கண்ணிக்குள் பின்னாலிருந்து இழுத்தால் நிட், முன்னாலிருந்து இழுத்தால் பர்ல். ஒரே கண்ணியைத்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறோம். திருப்பூரில் இயந்திரத்தில் ஓடுவதும் இதே கண்ணிதான். அதனால்தான் அந்தத் தொழிலுக்குப் பின்னலாடை என்று பெயர். வேட்டியை இழுத்தால் நீளாது, பனியனை இழுத்தால் நீள்கிறது. வேட்டியில் நீளவாட்டு நூலான பாவும் குறுக்குவாட்டு நூலான ஊடையும் குறுக்கே பாய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பனியனிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து தன்னையே கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் வளைவு நிமிர்கிறது, விட்டால் மறுபடியும் வளைகிறது.

ஊசிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நீலகிரியில் கேத்திப் பக்கம் தயாராகும் போனி ஊசிகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். கை வியர்க்கும் ஊர் என்பதால் முதல் ஜோடியை மூங்கிலிலோ மரத்திலோ வாங்குங்கள். உலோக ஊசியில் கண்ணி வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணில் மட்டும் கவனம் வேண்டும். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கணக்கில் 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர்தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். இணையத்தில் கிடைக்கும் வடிவமைப்பைப் பார்த்துக் கடையில் எண் சொல்லி வாங்கினால் தவறு நேரும். எப்போதும் மில்லிமீட்டரைச் சொல்லியே கேளுங்கள். தொடங்குவதற்கு 4 மில்லிமீட்டர் போதும்.

இனி வெயிலும் கம்பளியும். முதல் இரண்டு வாரம் கம்பளியோ, கம்பளி கலந்த எட்டு இழை (8 ply) நூலோ வைத்துப் பழகுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். கம்பளிக்கு மீள்தன்மை உண்டு. உங்கள் கை ஒரு கண்ணியை இறுக்கியும் அடுத்ததைத் தளர்த்தியும் போட்டால் அது சற்று நெகிழ்ந்து சமன் செய்துகொள்ளும். பருத்தி அப்படி விட்டுக்கொடுக்காது. நீங்கள் போட்டதைப் போட்டபடியே காட்டும். வெளிர் நிறத்தில் வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் வெறுத்துப்போய் விட்டவர்கள் நிறைய. வெளிமாநிலக் கம்பளிதான் கடையில் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் நம் மாநிலத்திலும் கம்பளி உண்டு. ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவில் நீலகிரி இன ஆடுகளுக்கான ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. மலைக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாவது வாரம் பருத்திக்கு மாறிவிடுங்கள். இந்த ஊரில் உடுத்தக்கூடியது அதுதான். ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்காருபவர்களுக்குத் தோளில் போடும் சால்வை, மார்கழி அதிகாலையில் திருப்பாவை கேட்கக் கோயிலுக்குப் போகும் பெரியவர்களுக்குக் கழுத்துத் துணி, பிறந்த குழந்தைக்குத் தொப்பி, பாத்திரம் துடைக்கும் துணி என்று பருத்தியில் பின்ன நிறைய இருக்கிறது. நூல் கடைகளில் வண்ண வண்ண உருண்டைகளைக் காட்டுவார்கள். நீங்கள் கோரா நூல் கேளுங்கள். வெளுக்காத, சாயம் ஏறாத, மங்கிய தந்த நிறத்தில் இருக்கும் நூல். உருண்டையாக வேண்டாம், சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்றிய கட்டாக, வேண்டும். உருண்டையில் சாயம் உள்ளே போகாது. கைத்தறிக்காரர்கள் வாங்கும் சிட்டத்தில் நூல் மெல்லியதாக இருக்கும். நாலைந்து இழை சேர்த்து முறுக்கிய பருமனான பின்னல் நூலைக் கோராவாகவே சிட்டம் போட்டுத் தரச் சொன்னால் கடைக்காரர்கள் செய்து தருகிறார்கள். 100 கிராம் சிட்டம் இரண்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னலும் சாயமும் சந்திக்கும் முதல் இடம் இதுதான். 4 மில்லிமீட்டர் ஊசியில் எட்டு இழை நூலுக்கு 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 22 கண்ணிகள் வரும். உங்கள் கை சற்றுத் தளர்ந்த கை என்றால் 20தான் வரும். இரண்டு கண்ணிதானே என்று விட்டுவிட்டால், 100 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 220 கண்ணி போட்டுத் தொடங்கிய மேலாடை 110 சென்டிமீட்டரில் முடியும். அதனால் எதைப் பின்னினாலும் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளக்க வேண்டும். சாயம் போட்ட நூல் இதில் மேலும் கொஞ்சம் விளையாடும். ஒரு மணி நேரம் கொதித்த பருத்தி சுருங்கிச் சற்றுப் பருக்கும். கோரா நூலில் எடுத்த அளவு சாயம் போட்ட நூலுக்குச் செல்லாது. சாயம் போட்ட பிறகு அளந்த கண்ணிதான் கணக்கு.

சாயத்துக்கு வருவோம். எனக்கு மனம் நிறையப் பேச வேண்டிய இடம் இதுதான்.

இந்த நகரமே துணிக்காக எழுந்தது. 1639இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம், இங்கே நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது என்பதே. 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கியது சின்னத் தறிப் பேட்டை. அதைத்தான் இன்று சிந்தாதிரிப்பேட்டை என்கிறோம். வண்ணாரப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வெளுக்கப்பட்டது. சைதாப்பேட்டையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அதில் கொச்சினீல் பூச்சியை வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்க முயன்றார், முயற்சி நிலைக்கவில்லை. அவர் அந்தப் பூச்சியைத் தேடியதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் சாயவேர் என்ற இம்பூறல் வேரில் சிவப்பும், அவுரியில் நீலமும், கடுக்காயில் பிடிப்பும் எடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1856க்குப் பிறகு ஐரோப்பாவில் செயற்கைச் சாயங்கள் வரத் தொடங்கின. 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அத்துடன் இங்கிருந்த அவுரித் தொழில் சரிந்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கையில் எடுக்கப்போவது அந்தப் பழைய அறிவின் ஒரு பிடி.

அதில் முதல் வேலை சாயமே இல்லை, வேகவைப்பது. கோரா நூலில் பருத்திக்கே உரிய மெழுகும் பிசினும் இருக்கும். தண்ணீரில் போட்டால் வாத்து முதுகு போல மிதக்கும், நனையாது. 100 கிராம் சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்வாக எட்டு வடிவில் கட்டி, நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்லக் கொதிக்க விடுங்கள். மூடியைத் திறந்தால் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். சுத்தமான வெள்ளை நூல் என்று நாம் நினைத்ததிலிருந்து வந்தது அத்தனையும். அலசிவிட்டு ஒரு துளி நீரை நூலின் மீது விட்டுப் பாருங்கள். துளி நிற்காமல் உடனே உள்ளே போனால் நூல் தயார். நின்றால் இன்னொரு முறை வேகவையுங்கள். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தது என்று வருத்தப்படுபவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வேலையில் அவசரப்பட்டவர்கள்தான்.

அடுத்தது கடுக்காய். கம்பளியும் பட்டும் புரத இழைகள். படிகாரத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், சாயமும் எளிதில் ஏறும். பருத்தி அப்படியல்ல, அதற்கு இடையில் ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் கடுக்காயின் துவர்ப்பு. துவர்ப்பு நூலைப் பிடிக்கிறது, படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கிறது, சாயம் படிகாரத்தைப் பிடிக்கிறது. 1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய கடிதத்தில், இங்குள்ள சாயக்காரர்கள் கடுக்காயையும் எருமைப் பாலையும் கலந்து துணியை ஊறவைத்த முறையை விவரித்திருக்கிறார். பாலின் கொழுப்பு, துணியில் எழுதும் வண்ணம் பரவாமல் தடுக்கும். நாம் நூலை முழுதாகத் தோய்ப்பதால் பால் தேவையில்லை. ‘சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு’ என்று மருந்துக்குச் சொல்வது சாயத்துக்கும் பொருந்தும். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் பொடிக்க வேண்டும். 100 கிராம் நூலுக்கு 20 கிராம் பொடி, வெந்நீர், ஓர் இரவு. காலையில் நூல் இளம் சந்தன நிறத்தில் இருக்கும். அலசாமல் பிழியுங்கள். பிறகு 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 3 கிராம் சலவைச் சோடாவைத் தனியே கரைத்து அதில் மெல்ல ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியதும் நூலைப் போட்டு இன்னோர் இரவு. ஒருநாள் வகுப்பில் இதை எல்லாம் செய்ய நேரம் இருக்காது. அவர்களே முன்கூட்டித் தயார் செய்த நூலைத் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் இரண்டாவது சிட்டத்தை வீட்டில் இந்த வழியில் நீங்களே செய்யுங்கள்.

இப்போது தண்ணீர். வேளச்சேரி என்று நீங்கள் சொன்னவுடன் எனக்கு நினைவு வந்தது இதுதான். என் முதல் வீட்டுச் சிட்டத்தை மாதுளைத் தோலில் போட்டேன். பொன் மஞ்சள் வர வேண்டியது சேற்றுப் பச்சையாக வந்தது. தோலைக் குறை சொன்னேன், படிகாரத்தைக் குறை சொன்னேன். குற்றவாளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுதுவதற்கு மை காய்ச்சினார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைப் போட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். இளமஞ்சளாக இருந்தால் சரி. சாம்பலோ கருநீலமோ பாய்ந்தால் அந்தத் தண்ணீரில் மஞ்சள் நிறங்களை எதிர்பார்க்காதீர்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சிக்கனம் கருதி எடுக்க வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் திரண்டு இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, ஓர் இரவில் வாளி நிறையச் சேரும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். 2003 முதல் எல்லா வீடுகளிலும் மழைநீர்க் கட்டமைப்பு கட்டாயமானதே, அந்தக் குழாயின் அடியில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு குடம் வைத்துவிடுங்கள். முதல் மழையைத் தவிர்த்து, மொட்டை மாடி கழுவப்பட்ட பிறகு பிடிப்பது நல்லது.

ஆனால் கிணற்றுத் தண்ணீரை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிவப்புக்கு வேண்டியது. மஞ்சிட்டி என்ற கொடியின் வேரிலும் சாயவேரிலும் இருக்கும் சிவப்பு, படிகாரத்தோடு சுண்ணாம்பும் இருந்தால்தான் நன்றாகத் திறக்கும். இரும்பில்லாத கடினநீர் உங்களுக்கு வாய்த்திருந்தால் மஞ்சிட்டிக்கு அதையே எடுங்கள். மஞ்சிட்டியைக் கொதிக்க விடக் கூடாது. ஆவி பறக்கும், குமிழ் வராது என்ற நிலையிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்தால் செம்மண் கலந்த சிவப்பு வரும். கொதித்துவிட்டால் பழுப்பு தலைதூக்கும்.

பொருள்கள் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்: கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி, அன்னபேதி. வெங்காயச் சருகை விலைக்கு வாங்க வேண்டாம். பிரியாணிக் கடையில் ஒரு பையைக் கொடுத்துச் சொல்லி வைத்தால் நிறைத்துத் தருவார்கள். நூல் எடைக்குச் சமமாகச் சருகு போட்டால் தேன் நிறம் வரும். மாதுளைத் தோல் பழச்சாறுக் கடையில் கிடைக்கும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் செண்டுமல்லி மாலைகளைக் குப்பையில் போடாமல் இதழ்களை உதிர்த்துக் காயவைத்தால் ஆண்டு முழுவதற்கும் மஞ்சள் இருக்கிறது. எந்த நிறத்தையும் கடைசியில் ஒரு கிராம் அன்னபேதி கரைத்த நீரில் இரண்டு நிமிடம் காட்டினால் அது ஆழ்ந்து மங்கும். தேன் நிறம் பாசிப் பச்சையாகும், கடுக்காய் மட்டும் போட்ட நூல் மழைமேக நிறமாகும். அளவு கூடினால் நூல் நாளடைவில் இற்றுப்போகும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பை வீட்டில் தொடவே வேண்டாம். அது நஞ்சு, சாக்கடையில் கொட்டக் கூடியதும் அல்ல. சாயத்துக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

மஞ்சளும் பீட்ரூட்டும் செம்பருத்தியும் பளிச்சென்று நூலில் ஏறும். அதைப் பார்த்து மனம் மயங்க வேண்டாம். பீட்ரூட் ஒரு துவைப்பில் போய்விடும். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். அக்கா மகன் பிறந்தபோது மஞ்சளில் நூல் தோய்த்து மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு தொப்பி பின்னினேன். இரண்டு முறை கொடியில் காய்ந்ததும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள். அதன் பிறகு எந்த நிறத்தையும் பின்னும் முன் சோதிக்காமல் விடுவதில்லை. நாலைந்து இழைகளை ஓர் அட்டையில் சுற்றி, பாதியை இன்னோர் அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். மூடிய பாதியும் திறந்த பாதியும் ஒரே மாதிரி இருந்தால் அந்தச் சாயத்தை நம்பலாம். மெட்ராஸ் கட்டம் போட்ட துணி 1960களில் அமெரிக்காவில் துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்தபோது, அந்தக் கசிவையே அழகென்று சொல்லி விற்றார்கள். உங்கள் பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துவைக்கும் வீட்டில் அந்த அழகு எடுபடாது.

இந்த அடிப்படை கைவந்த பிறகு மேலே பார்க்க விரும்பினால் தூரம் போக வேண்டியதில்லை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடமும் இயற்கைச் சாயத்தில் கலம்காரி செய்யும் பிரிவும் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் கைவினைப் பயிற்சிகள் நடக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக அவுரி. நீல வகுப்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், வீட்டில் தனியாகத் தொடங்கக் கடினமான ஒன்று அதுதான். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப்பொடி இதற்கு உதவாது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் காற்றுப்பட அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலத்தை வடித்து உலர்த்திய கட்டி வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, கட்டியும் அங்கே தயாராகிறது. நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கக் காற்றில்லாத, காரமான சூழல் வேண்டும். நம் ஊர் மரபில் தகரைச் செடியின் விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்துப் பானையில் நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள். வகுப்பில் விரைவான வழியாக ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) என்று கலப்பார்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானை தயாரானால் மேலே செம்பு நிறத்தில் ஓர் ஆடை மினுங்கும், நடுவில் நீல நுரை பூத்து நிற்கும், அடியில் இருக்கும் நீர் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நீலத்துக்குக் கடுக்காயும் படிகாரமும் தேவையில்லை. நன்றாக வெந்து, நனைத்துப் பிழிந்த சிட்டம் போதும். குமிழ் எழாமல் மெல்ல இறக்கி, இரண்டு நிமிடம் கழித்து நீருக்குள்ளேயே பிழிந்து வெளியே எடுங்கள். வெளிவரும்போது நூல் இளம் வாழைக்குருத்துப் பச்சை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் நீலம் தொடங்கி உள்ளே பரவும். கட்டுப் போட்ட இடம் மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும், அதை விரலால் பிரித்துக் காற்றுக் காட்ட வேண்டும். ஆழ்ந்த நிறம் வேண்டும் என்று பானைக்குள் வெகுநேரம் வைக்காதீர்கள். தோய்த்துக் காற்றில் ஆற்றி, மறுபடி தோய்த்து, ஐந்தாறு முறை செய்யுங்கள்.

அந்த நாளில் சிட்டத்தோடு நீங்கள் முன்பே கோரா நூலில் பின்னிய மாதிரித் துண்டு ஒன்றையும் எடுத்துப் போய் அதே பானையில் தோயுங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். பிறகு துண்டின் ஓரத்திலிருந்து நான்கு வரிசைகளைப் பிரியுங்கள். வரும் நூல் நெளிநெளியாக இருக்கும். கண்ணியும் கண்ணியும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்த இடங்களில், சீரான இடைவெளியில், சாயம் எட்டாத வெளிர் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அந்தப் புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டே போய் எண்ணிப் பாருங்கள். உங்கள் கை எந்தக் கண்ணியை இறுக்கியது, எதைத் தளர்த்தியது என்று அதில் எழுதியிருக்கும்: இறுக்கிய இடத்தில் புள்ளி நல்ல வெள்ளை, தளர்ந்த இடத்தில் நீலம் உள்ளே நுழைந்திருக்கும். அந்த நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், சொல்லித் தருபவரிடம் காட்டுங்கள்.